எட்டாவது ஓட்டு

சித்த நகந்து உக்காருங்க, நானும் உக்காந்துக்கறேன். காலையில இருந்து நின்னு நின்னு காலு ரெண்டும் மரத்துப் போச்சுங்க. உங்களுதும் காச்சல் கேஸுதானுங்களா? பையனா? நல்லாயிரும், கவலப்படாதீங்க. எம் புள்ளையும் உள்ளதான் கெடக்குது. அந்தக் கோடிக் கட்டில். பேரு தர்ஷிணி, மூணாவது படிக்குது. கூட ஒரு ஆளுதான் இருக்கலாம்னு சொல்லிட்டாங்க. அதனால எங்கூட்டுக்காரி உள்ள, நான் வெளிய.

போன் அடிக்குதுங்களா? அடிக்கட்டும். யாருன்னு எனக்குத் தெரியும்.

உங்களைப் பாத்தா நாலு விசயம் தெரிஞ்சவராட்டம் இருக்குது. உங்ககிட்ட ஒரு நாயம் கேக்கோணுங்க. எங்கூரு ஆளுககிட்டக் கேக்க முடியாது. எல்லாருமே ஏதாவது ஒரு கட்சி. நீங்கதான் எந்தப் பக்கமும் இல்லாத ஆளு. மொதல்ல இருந்து சொல்றேன், கேட்டுப்போட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

எம் பேரு சென்னியப்பனுங்க. கல்லேரிப்பாளையத்துல பந்தல்காரன். சாமியானா, சேரு, பாத்திரம், மைக்செட்டு எல்லாம் வாடகைக்கு விடறது. கல்யாணமோ எழவோ, எங்கூருல எது நடந்தாலும் என்ற சேருலதான் சனம் உக்காரோணும். சேரு போடறவனுக்கு ஒரு வசதி இருக்குதுங்க. யாரு யாரு பக்கத்துல உக்காராங்க, யாரு வந்தா யாரு எந்திரிச்சுப் போறாங்க, எழவு ஊட்டுக்கு யாரு கோடித் துணி எடுத்துட்டு வாராங்க, யாரு வாசல்ல தலையக் காட்டிப்போட்டு ஓடறாங்க, எல்லாம் தெரிஞ்சு போகும். அதை வெச்சே எந்த ஊட்டு ஓட்டு எந்தக் கட்சிக்குன்னு சொல்லிப்போடுவேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், இதுவரைக்கும் நாஞ் சொல்லித் தப்புனதில்லீங்க. இந்த ஒருவாட்டிதான்.

எங்க கட்சிக்குப் பேரூர் செயலாளரு நாச்சிமுத்தண்ணன். பேரூராட்சித் தேர்தல் அறிவிச்சதும் அவரு என்னையத்தான் கூப்புட்டாரு. "சென்னியப்பா, எந்த வார்டுல யாரை நிறுத்துனா ஜெயிப்பான்னு பாத்துச் சொல்லு. உன்னைய நம்பித்தான் நான் எறங்கறேன்"னாரு. பதினஞ்சு வார்டுங்க. ஒவ்வொரு வீதியா அலைஞ்சேன். அந்தப் பக்கம் யாரை நிறுத்துவாங்க, அவனுக்கு எத்தனை பங்காளி, மாமன் மச்சான் ஒத்துமையா இருக்கறாங்களா, பொண்ணெடுத்த ஊட்டுல சண்டையா, எல்லாம் வெசாரிச்சேன். நாலாவது வார்டுக்கு ஒருத்தரை நிறுத்தறதா இருந்தாங்க, நாந்தான் வேண்டாம்னேன். அவரு அப்பன் எழவுக்கு நான் அனுப்புன சேருல பாதி, கட்டுப் பிரிக்காமயே திரும்பி வந்துது. அப்பன் எழவுக்கே உக்கார ஆளில்லாதவனுக்கு எவனுங்க ஓட்டுப் போடுவான்?

எங்க வார்டைப் பொம்பளைகளுக்குன்னு ஒதுக்கிட்டாங்க. எங்கூட்டுக்காரி சிவகாமியை நிறுத்தீட்டேன். அவளைக் கேட்டீங்களான்னு கேக்கறீங்களா? அவளை என்னங்க கேக்கறது? நோட்டீஸ் அடிச்சுக் கொண்டாந்து காட்டுனேன். எம் படம் பெருசு, அவ படம் சின்னது, கீழ "சிவகாமி சென்னியப்பன்"னு போட்டிருந்துது. பாத்துப்போட்டு, "ஏனுங்க, ஓட்டு எனக்குத்தானுங்களே கேக்கறோம்?"னா. வெகுளிங்க அவ.

ஆனா ஓட்டுக் கேக்கப் போறதுல மட்டும் அவளைக் கொறை சொல்ல முடியாது. நான் சைக்கிள் ஸ்டேண்டுல ஆளுகளைப் பாத்துட்டு இருப்பேன், அவ பொம்பளைகளைக் கூட்டிக்கிட்டு ஊடு ஊடாப் போவா. எங்க வார்டுல கீழ்வீதின்னு ஒண்ணு. எங்கூடும் அங்கதான் இருக்குது. குழாயில பத்து நாளைக்கொருக்காத்தான் தண்ணி வரும். வந்தா அண்டா, டிரம்மு, குடம், கெடைச்சதுல எல்லாம் புடிச்சு வெச்சுக்கோணும். அந்த வீதிப் பொம்பளைக இவகிட்ட அழுதிருக்கறாங்க. இவ, "நான் ஜெயிச்சா மொத வேலை தண்ணிதான், எங் கைமேல அடிச்சுச் சொல்றேன்"ன்னு வாக்குக் குடுத்துட்டு வந்துட்டா. ஓட்டுக் கேக்கப் போனா எல்லாரும் அப்படித்தானுங்களே சொல்லுவாங்க? இவ அதை நெசமாவே நெனச்சுக்கிட்டா.

ஜெயிச்சாளுங்க. சொற்ப ஓட்டுலதான், ஆனாலும் ஜெயிச்சுட்டா. மொத்தத்துல எங்க பக்கம் எட்டு, அவிய பக்கம் ஏழு. நான் அண்ணங்கிட்ட எழுதி வெச்சாப்புல எட்டுன்னுதான் சொல்லியிருந்தேன். அண்ணன் என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு.

அப்பறம் தலைவரு தேர்தல். அது சனங்க போடறதில்லீங்க, ஜெயிச்ச கவுன்சிலருக உள்ள உக்காந்து ரகசியமாச் சீட்டுல போடறது. தலைவரு பதவியும் பொம்பளைகளுக்குத்தான். எங்க பக்கம் அண்ணன் மருமக கீர்த்தனா. கோயமுத்தூருல இருக்கற புள்ளை, தேர்தலுக்கோசரம் வந்து ஒரு வார்டுல ஜெயிச்சுது. அந்தப் பக்கம் மல்லிகான்னு ஒரு அம்மா, அங்கன்வாடியில வேலை பாத்து ரிட்டயர் ஆனவிய. எட்டுக்கு ஏழு. ஒருத்தன் நழுவுனாலும் போச்சு. அதனால எட்டுப் பேரையும் ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு அண்ணன். பொம்பளைக் கவுன்சிலருகளுக்குத் தொணையா ஊட்டுக்காரங்க நாங்களும் போனோம். நான் புள்ளையையும் கூட்டிட்டுப் போனேன், தனியா விட ஆளில்லை. எல்லாத்து போனையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. கீர்த்தனா கையில மட்டும் போன் இருந்துது.

ஆம்பளைக நாங்க சீட்டு வெளையாடிட்டு இருந்தோம். பொம்பளைக சமைச்சாங்க. கறியும் சோறுமாத் திருவிழாவாட்டம் இருந்துதுங்க. அங்கதான் சிவகாமி கீர்த்தனாகிட்டப் போயி, "கீழ்வீதிக்குத் தண்ணி வருமா கண்ணு?"ன்னு கேட்டிருக்கறா. அந்தப் புள்ள போனைப் பாத்துக்கிட்டே, "அதெல்லாம் மாமா பாத்துக்குவாருங்க்கா, கொழம்புக்கு உப்புப் பத்தலை"ன்னுச்சாம். ராத்திரி எங்கிட்ட வந்து சொன்னா. "நீங்க அண்ணங்கிட்டக் கேளுங்க"ன்னா. கேட்டேன். அண்ணன் சிரிச்சாரு. "ஏப்பா, கீழ்வீதியில பாதிப்பேரு அந்தப் பக்கம் போட்டவனுகன்னு நீதானே சொன்னே? மொதல்ல அவனுக நம்ம பக்கம் வரட்டும், அப்பறம் தண்ணி வரட்டும்"னாரு.

சொன்னேனுங்க, நாந்தான் சொன்னேன். உள்ள கணக்கைத்தானுங்களே சொல்லோணும்?

சிவகாமிகிட்ட வந்து அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன். அவ பாத்திரம் கழுவிட்டு இருந்தா. கழுவுன பாத்திரத்தையே திருப்பித் திருப்பிக் கழுவிட்டு இருந்தா. சரி, ஒத்துக்கிட்டான்னு நான் போயிப் படுத்துக்கிட்டேன்.

தேர்தலுக்கு மொத நாளு, தோப்புக்குப் பக்கத்துல ஒரு மாகாளியம்மன் கோயில்ல எல்லாரையும் நிறுத்துனாரு அண்ணன். கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணோணும். எங்கூருல அதுக்கு மேல ஒண்ணும் கெடையாதுங்க. எரியற கற்பூரத்தைக் கையில அடிச்சு அணைச்சுட்டா அந்த வார்த்தையில இருந்து நகரக் கூடாது. நகந்தா குடும்பத்தைத்தான் புடிக்கும். ஆம்பளைக் கவுன்சிலருக ஒவ்வொருத்தரா வந்து அணைச்சாங்க. பொம்பளைக முன்னால வந்தாங்க. "நீங்க எதுக்கும்மா? உங்கூட்டுக்காரங்க அணைச்சாப் போதாதா?"ன்னுட்டாரு அண்ணன். அதுவும் நாயந்தானுங்களே. சிவகாமி கையை நீட்டிக்கிட்டு வந்தவ, அப்படியே கையை எடுத்துக்கிட்டு பின்னால போயி நின்னுக்கிட்டா.

எம் மொறை வந்துது. எனக்கு அன்னைக்கு என்னமோ ஒரு வேகமுங்க. எல்லாரு மாதிரியும் வெறும் கற்பூரம் அணைச்சா நல்லாவா இருக்கும்? இந்த எட்டு ஓட்டும் நான் போட்ட கணக்கு. எம் புள்ள பக்கத்துல நின்னுட்டு இருந்துது. எடது கையை அவ தலையில வெச்சேன். "எங்கூட்டு ஓட்டு மட்டுமில்லைங்கண்ணா, எட்டு ஓட்டும் நம்ம பக்கம் விழுகும். விழுகலைன்னா இந்தப் புள்ளையைச் சாமி கேக்கட்டும்"னு சொல்லிக் கற்பூரத்தை அடிச்சு அணைச்சேன். யாரும் கேக்கலைங்க. நானாத்தான் பண்ணுனேன். அண்ணன் கண்ணுல தண்ணி வந்திருச்சு. சிவகாமி ஓடி வந்து புள்ளையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா. "உங்களுக்கென்ன கிறுக்கா?"ன்னா. எல்லாரு முன்னாலயும் அப்படிப் பேசிட்டாளேன்னு எனக்கு ஒரே அவமானம். அன்னைக்கெல்லாம் அவகூடப் பேசவே இல்லை நான்.

மறுநா எட்டுப் பேரும் பேரூராட்சி ஆபீசுக்குள்ள போனாங்க. நாங்க வெளிய பட்டாசோட நின்னோம். கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கத்து ஆளுக கத்தறாங்க, மல்லிகா ஜெயிச்சாச்சுன்னு. எங்களுக்கு ஏழு, அவியளுக்கு எட்டு. அண்ணன் என்னையப் பாத்த பார்வை இருக்குது பாருங்க. அடிச்சிருந்தாக்கூடத் தேவலை.

எட்டுல ஒண்ணு மாறியிருச்சு. எதுன்னு தெரியலை. ரகசியச் சீட்டு, யாருங்க காட்டுவா? மொதல்ல எல்லாரும் சுயேச்சையா ஜெயிச்சு எங்ககூட வந்த ஆளைத்தான் சொன்னாங்க. அவரு இல்லைன்னு எனக்குத் தெரியும். அவரு பொண்ணு கல்யாணத்துக்கு அண்ணன்தான் முன்னால நின்னு தாலி எடுத்துக் குடுத்தாரு, எஞ் சேருலதான் உக்காந்திருந்தாரு. அப்பறம் ஒவ்வொருத்தரா மனசுல கழிச்சுக் கழிச்சுப் பாத்தேன். கடைசியா ஒருத்தன்தான் நின்னான். திருமூர்த்தி.

திருமூர்த்தி எங்கூடப் படிச்சவனுங்க. மாவு மில்லு வெச்சிருக்கறான். அவனைக் கவுன்சிலருக்கு நிறுத்துனதே நாந்தான். ஆனாப் பாருங்க, போன வருசம் அந்த மல்லிகாவோட அம்மா செத்தப்ப இவன் கோடித் துணியோட வந்தான். மொத வரிசையில உக்காந்தான். கடைசி வரைக்கும் எந்திரிக்கலை. அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு. பொம்பளைக் கவுன்சிலரு மூணு பேரு இருக்கறாங்களே, அவங்களை யோசிச்சுப் பாத்தீங்களான்னு நீங்க கேப்பீங்க. அவங்க எப்படிங்க? அவங்களுக்குத்தான் ஊட்டுக்காரங்க நாங்க கற்பூரம் அணைச்சிருக்கறோமே.

அப்பத்தானுங்க புள்ளைக்குக் காச்சல் வந்துது. தேர்தல் முடிஞ்சு வாரம்கூட ஆகலை. அனலாக் கொதிக்குது. நம்ம ஊரு டாக்டரு மாத்திரை குடுத்தாரு, நிக்கலை. ஒடம்பெல்லாம் செவப்புச் செவப்பாப் புள்ளி. எனக்கு அப்பவே உயிரு போயிருச்சுங்க. சாமி கேக்குது. நான் சொன்ன வார்த்தையை அப்படியே கேக்குது. இங்க தூக்கிட்டு வந்து போட்டுட்டு, மறுபடியும் அந்தக் கோயிலுக்கு ஓடுனேன். பூசாரி கால்ல விழுந்தேன். "யாரு மாத்திப் போட்டாங்களோ அவிய வந்து அம்மங்கிட்ட ஒத்துக்கிட்டா, பாரம் புள்ளைய விட்டு எறங்கீரும்"னு சொன்னாரு. ஒருத்தன் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா எம் புள்ள பொழைச்சுக்கும். எந்திரிச்சு உக்காந்து சோறு கேக்கும். எனக்கு வேற என்னங்க வேணும்?

இங்க ஒரு டாக்டரம்மா இருக்குது, சின்ன வயசு. வந்து என்னைய என்ன கேக்குதுன்னா, "வீட்டுல தண்ணி புடிச்சு வெச்சிருக்கீங்களா? டிரம்மை மூடி வெக்கறதில்லையா?"ன்னு கேக்குது. பத்து நாளைக்கொருக்காத் தண்ணி வந்தா புடிச்சு வெக்காம என்னங்க பண்றது? கொசுன்னு சொல்லுது, புழுன்னு சொல்லுது. சத்தியம் பண்ணுன சமாச்சாரம் அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும், பாவம். சிவகாமிதான் அந்தம்மா சொல்றதை எல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டா. அப்பறம் செவுத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டு அழுதா.

நேத்து ரத்தத்துல தட்டணு ரொம்பக் கொறைஞ்சு போச்சு, உடனே ரத்தங் குடுக்க ஆளு வேணும்னாங்க. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. திருமூர்த்தி எப்படியோ கேள்விப்பட்டு வந்து நிக்கறான். மில்லைப் பூட்டிப்போட்டு வந்திருக்கறான், மீசையெல்லாம் மாவு. "எம் புள்ளைடா அது"ன்னு சொல்லிக் கையை நீட்டிப் படுத்துக்கிட்டான். குடுத்துப்போட்டு வெளிய வந்து என்ற தோளைப் புடிச்சான். "தைரியமா இரு மாப்ளே"ன்னான். எனக்கு அப்பத்தான் உறுதியாத் தெரிஞ்சு போச்சுங்க. குத்தம் பண்ணுன நெஞ்சு குறுகுறுக்குது, அதுக்குத்தான் ஓடி வந்து ரத்தங் குடுக்கறான். இல்லீன்னா இத்தனை பேரு இருக்க இவன் எதுக்குங்க வரோணும்? தண்ணி குடிக்கறியாடான்னுகூட நான் கேக்கலை.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? நானும் ஒரு தகப்பன்தானுங்களே.

இன்னைக்கு மத்தியானம் அண்ணனுக்குப் போன் பண்ணிப் பேரைச் சொல்லிட்டேன். "திருமூர்த்திதானுங்கண்ணா. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி அம்மன் முன்னால ஒத்துக்க வெச்சிருங்க, எம் புள்ளையக் காப்பாத்திக் குடுங்க"ன்னு அழுதேன். "பொழுது எறங்கறதுக்குள்ள இழுத்துட்டுப் போறோம். ஒத்துக்கலைன்னா எப்படி ஒத்துக்க வெக்கறதுன்னு எங்களுக்குத் தெரியும்"னாரு அண்ணன். பசங்களை அனுப்பியாச்சாம். அவரு பசங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாதுங்க. வெரட்டி அடிக்கற ஆளுக. ரத்தங் குடுத்துட்டு வந்தவன், தெம்பா இருப்பானோ என்னமோ.

நான் பேசுனதைச் சிவகாமி கேட்டுட்டா. சுடுதண்ணி வாங்க வந்தவ அந்தக் கதவுகிட்ட நின்னுட்டு இருந்திருக்கறா. பிளாஸ்க்கைக் கீழ வெச்சா. கிட்ட வந்தா. "ஏனுங்க, திருமூர்த்தியண்ணன் இல்லீங்க. நாந்தான் மாத்திப் போட்டேன்"னா.

நான் சிரிச்சுட்டேனுங்க. நெசமாத்தான் சொல்றேன், இத்தனை வேதனையிலயும் சிரிச்சுட்டேன். "கிறுக்கி, அவனைக் காப்பாத்தறதுக்கு நீ எதுக்குப் பழிய ஏத்துக்கறே?"ன்னேன். பாருங்க, நல்ல மனசு அவளுக்கு. நேத்து ரத்தங் குடுத்தானேன்னு எரக்கப்படறா.

"காப்பாத்தறதுமில்லை ஒண்ணுமில்லை. கீழ்வீதிக்கு வாக்குக் குடுத்தேன். தோப்புல இருக்கறப்ப உங்கண்ணன் என்ன சொன்னாருன்னு நீங்களே வந்து சொன்னீங்க. அந்த மல்லிகாம்மா அவிய கட்சிக்கு நம்ம வீதியில ஓட்டுக் கேக்க வந்தப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கறாங்க, எந்தக் கட்சி வந்தாலும் தண்ணிக்கு நானும் நிப்பேன்னு. அதான் அவங்களுக்குப் போட்டேன்"னா.

எனக்குக் கோவம் வந்திருச்சு. "நான் உனக்கும் சேத்துத்தானே கற்பூரம் அணைச்சேன்?"னேன். "அணைச்சது நீங்க. என்னைய யாரு கேட்டீங்க?"ன்னா.

நீங்க ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. பதினஞ்சு வார்டையும் பாத்தவனுக்கு எங்கூட்டுக்குள்ள ஓட்டு எந்தப் பக்கம்னு தெரியாமப் போகுமுங்களா? இவகூட நான் பன்னண்டு வருசமாக் குடும்பம் நடத்தறேன். ஒரே சட்டியில சாப்படறோம். எங் கணக்குல மொத ஓட்டே இவ ஓட்டுதானுங்க. அதை நான் எண்ணிப் பாக்கக்கூட இல்லை.

சரி, பொய்யை ஒடைக்கறேன்னு நெனச்சுக்கிட்டு நான் கேட்டேன். "அப்படின்னா உள்ள போயிப் புள்ள தலையில கை வெச்சுச் சொல்லு பாக்கலாம்." மாட்டாள்னு தெரியும். அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. கல்யாணம் ஆன நாளா அப்படி ஒரு பார்வை அவகிட்ட நான் பாத்ததே இல்லீங்க. "புள்ள தலையை இனி ஒருத்தரும் தொட வேண்டாம்"னா. அப்பறம் அவ கையை அவ தலையிலயே வெச்சுக்கிட்டா. இந்த வெராந்தாவுலதான், இத்தனை சனத்துக்கு முன்னால. "நாந்தான் போட்டேன். எது வந்தாலும் எனக்கு வரட்டும். போன் பண்ணித் திருமூர்த்தியண்ணனை விடச் சொல்லுங்க"ன்னா. சொல்லிப்போட்டு பிளாஸ்க்கை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. அழுகக்கூட இல்லீங்க.

அப்ப இருந்து இப்படித்தான் தவிச்சுட்டு இருக்கறேன். போன் அடிச்சுட்டே இருக்குது. அண்ணன்தான் கூப்புடறாரு. ஆளு கெடைச்சுட்டான்னு சொல்றதுக்கா, ஒத்துக்க மாட்டேங்கறான்னு சொல்றதுக்கான்னு தெரியலை.

இப்ப நான் எடுத்து, திருமூர்த்தி இல்லைங்கண்ணா, என்ற பொண்டாட்டின்னு எப்படிங்க சொல்றது? சொன்னா அந்தப் பசங்க அவளையல்லவா தேடி வருவாங்க? அண்ணன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? அதெல்லாங்கூடப் போகட்டுமுங்க. அவ சொன்னது நெசம்னா, அன்னைக்கு நான் புள்ள தலையில கை வெச்சப்ப அவ மனசுல என்ன இருந்துது? எத்தனை நாளா இருந்துது? எனக்குத் தெரியவே இல்லையே. பக்கத்துல படுத்திருந்தாளேங்க.

இல்லைங்க. பொய்தான். திருமூர்த்தியைக் காப்பாத்தறதுக்குத்தான் சொல்றா. உங்களுக்கும் அப்படித்தானுங்களே படுது? நான் மொதல்ல இருந்து எல்லாத்தையும் மறைக்காமச் சொல்லிட்டேன். நீங்க எந்தக் கட்சியும் இல்லை. எந்திரிக்காதீங்க, சித்த இருங்க. அவ சொன்னது பொய்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் இந்தப் போனை அமத்திச் சட்டைப் பையில போட்டுக்கறேன்.